கல்கத்தாவுக்குப் போன பரங்கிமலைக் கல்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் பக்கம் போகிறவர்கள், பல்லாவரம் தாண்டியதும் போனிலிருந்து தலையைத் தூக்கினால் வலப்புறம் திரிசூலத்தில் பாதி கடித்துவைத்த மலை ஒன்று தெரியும். வயது சுமார் 250 கோடி வருடம். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, மெல்ல மேலே வந்து, இத்தனை காலம் யார் வம்புக்கும் போகாமல் இருந்தது. வம்புதான் அதைத் தேடி வந்தது.

முதலில் வந்தவன் மகேந்திரவர்மப் பல்லவன். 7ஆம் நூற்றாண்டில் பல்லாவரம் மலையில் குகை குடைந்தான். சாமிக்குக் கோயில் என்று பேர்; கல்லில் வரிசையாக வெட்டிவைத்ததென்னவோ தன்னுடைய பட்டப்பெயர்களை. பிளெக்ஸ் போர்டு அடிக்கிறவர்கள் அவனுக்கு ஒரு மாலை போடலாம். அந்தக் குகை இன்று தர்கா.

அடுத்து ஜாப் சார்னாக், கிழக்கிந்தியக் கம்பெனி ஆள். வங்காளத்தில் மொகலாயர்களோடு மோதி, வாங்கிக் கட்டிக்கொண்டு, 1689இல் மெட்ராஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சும்மா இருந்த நேரத்தில் மகள்கள் மூவருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் ஞானஸ்நானம் செய்துவைத்தார். மறுவருடம் ஹூக்ளிக் கரைக்குத் திரும்பிப் போய்க் கடை விரித்தார். அதுதான் பிறகு கல்கத்தா ஆனது. சில வருடத்தில் ஆளும் போய்ச் சேர்ந்தார். மருமகன் சார்லஸ் அயர் பெரிய மனசு பண்ணிக் கல்லறை மண்டபம் கட்டினார். ஆனால் அந்த ஊரில் தோண்டத் தோண்டச் சேறுதான். கல்லுக்கு எங்கே போவது? நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் கப்பலேறியது.

இருநூறு வருடம் கழித்து, 1893இல், புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை உற்றுப் பார்த்தார். மெட்ராஸ் பக்கத்துச் சரக்கு என்று புரிந்தது. தனி இனமான அந்தப் பாறைக்கு அவர் சூட்டிய பெயர் சார்னோகைட். சார்னாக்குக்கும் அந்தக் கல்லுக்கும் இருந்த ஒரே உறவு, அது அவர்மேல் படுத்திருந்ததுதான். இன்றைக்கு அண்டார்டிகாவில் அதே ஜாதிப் பாறை கிடைத்தாலும் அந்தக் கம்பெனிக்காரர் பெயர்தான். 'பல்லாவரைட்' என்று வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்?

பல்லாவரத்துக்கு அதற்கு முன்பே ஒரு வாய்ப்பு வந்தது. 1863 மே 30, கோடை வெயில். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கவாத்து மைதானத்துச் சரளைக் குழி ஒன்றிலிருந்து கற்கோடரி எடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் கோடரி குவார்ட்சைட் கல், மலைக்கல் இல்லை. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய மலை நின்றும் ஆதிமனிதன் அதைச் சட்டை செய்யவில்லை.

சார்னோகைட்டில் ஹைப்பர்ஸ்தீன் என்றொரு கனிமம். அதன் பங்காளிகள் செவ்வாய்க் கிரகத்தின் மிகப் பழைய நிலங்களில் தாராளமாக இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக் கனிமமே பெரும்பகுதியாக உள்ள இரண்டு கிலோகூடத் தேறாத ஒரு செவ்வாய்க்கல், அண்டார்டிகாவில் விழுந்து 1984இல் கிடைத்தது. அதற்குள் நுண்ணுயிர்த் தடம் இருக்கலாம் என்று 1996இல் நாசா சொன்னதும் அதிபர் கிளிண்டனே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் மைக் பிடித்தார். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதைப் பிறகு நம்பவில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கல்லுக்குக் கிடைத்தது அதிபர் உரை. எங்கள் ஊர்க் கல்லுக்கு இழவு வீட்டு வேலை.

செவ்வாயில் பாறையைத் தொடுவதற்கே சம்பிரதாயம் உண்டு. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி, சுமார் 5 கிலோமீட்டர் உயர அடுக்குப்பாறை மலையின் கீழ்ச்சரிவில் ஆமை நடை நடக்கிறது. கூடிப் பேசி, இடம் பார்த்து, விரல் நீளத்துக்கு ஒரு துளை. இங்கே வெடி, கிரஷர், லாரி. முக்கால் ஜல்லி வேண்டுமா, ஒன்றரை ஜல்லி வேண்டுமா என்ற ஒரே கேள்வி. 250 கோடி வருடம் குரோம்பேட்டை மாடி வீட்டுத் தளத்துக்குள் போய்விட்டது.

1969இல் மரினர் 6 விண்கலம் அனுப்பிய படங்களில் செவ்வாயின் ஒரு பகுதி கன்னாபின்னாவென்று உடைந்து கிடந்தது. அடியில் இருந்த பனியும் நீரும் பீறிட்டு வெளியேற, மேல்தரை பொத்தென்று சரிந்து பாளம் பாளமாகக் குவிந்திருக்க வேண்டும் என்பது பரவலான விளக்கம். நம் பக்கத்தில் எல்லாமே தலைகீழ்: முதலில் தரையை உடைத்தோம், பிறகு தண்ணீர் வந்தது. குன்றத்தூர் பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல்குவாரிகள் மழைநீர் நிரம்பிக் குட்டைகளாயின. 2017 கோடையில் ஏரிகள் வறண்டதும் குடிநீர் வாரியம் அங்கே மோட்டாரை இறக்கியது. தண்ணீரைச் சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, குழாயில் விட்டார்கள். மலையைக் குடைந்த குத்தகைக்காரர்கள் நீர்நிலைத் திட்டத்துக்குப் பணம் கேட்காததுதான் ஆச்சரியம்.