மூன்று லட்சமா, மூன்றாம் கையா?

மலேசியாவில் ஐரோப்பிய ஸ்டேஷன் வேகன் வாங்க ஆசைப்படுகிறவனிடம் பணம் இருந்தால், சொந்தக்காரர்கள் ‘புத்தி இல்லை’ என்பார்கள். பணம் இல்லாவிட்டால் ‘அதுவும் இல்லை’ என்பார்கள். நான் இரண்டாவது வகை.

என் மனைவி கல்யாண மேடை அலங்காரம் செய்கிறார். பிரிக்பீல்ட்ஸில் பூ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணி, எங்கிருந்தாவது இரண்டு வாழைமரம். வாரக் கடைசியானால் அத்தனையும் எங்கள் மைவிக்குள் ஏறும். குத்துவிளக்கு முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். வாழைத்தார் கியர்மேல் சாய்ந்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் டிரைவர்.

“பேசாமல் ஒரு வேன் வாங்கு” என்பது ஊரின் ஒருமித்த தீர்ப்பு. மிக நியாயமான தீர்ப்பு. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வேனில் போனால் மண்டபத்துக் காவலாளி பின்வாசல் பக்கம் கையை நீட்டுகிறார். வால்வோ வேகனில் போய் இறங்கினால் முன்வாசலைத் திறந்துவிட்டு ‘டத்தோ’ என்பார். உள்ளே இருப்பது அதே வாழைமரம்தான்.

இந்த ஆசைக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையும் உடந்தை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் ஷா ஆலாம் பத்து தீகா வரும். அங்கிருந்த டோல் கட்டணத்தை 2018 ஜனவரி 1-இல் ஒழித்தார்கள். நெரிசல் பத்திரமாக இருக்கிறது. அந்த வட்டாரத்தில்தான் 1967 முதல் வால்வோ காடிகளைப் பொருத்தி வருகிறார்கள். நம்முடைய புரோட்டோன் சாகாவே 1985-இல்தான் பிறந்தது. சீனாவின் கீலி நிறுவனம் 2010-இல் வால்வோவை வாங்கி, 2017-இல் புரோட்டோனிலும் 49.9 விழுக்காட்டைப் பிடித்தது. ஆக, இரண்டும் இன்று ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். ‘வால்வோ வாங்குவதும் நாட்டுப்பற்றுதான்’ என்று வீட்டில் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

முதலில் புதியதைப் பார்க்கப் போனோம். புது வால்வோ வி60 வேகன் விலை மூன்று லட்ச வெள்ளியை ஒட்டி நின்றது. சுவீடன்காரனைத் திட்டிப் பயனில்லை. இறக்குமதி வரி 30 விழுக்காடு வரை, கலால் வரி எஞ்சினைப் பொறுத்து 60 முதல் 105 விழுக்காடு, அதன்மேல் விற்பனை வரி 10 விழுக்காடு என்பது நம் நாட்டு அமைப்பு. இங்கேயே பொருத்தினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிநாட்டுக் காடி ஒன்று வாங்கினால் அரசாங்கத்துக்கும் ஏறக்குறைய ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அதில் அவர்கள் ஒருநாளும் நம்மை ஏற்றிக்கொண்டு போனதில்லை.

வங்கி அதிகபட்சம் ஒன்பது வருடக் கடன் தரும். இரண்டாம் படிவம் படிக்கும் என் மகள் பட்டம் வாங்கி வேலைக்குப் போகும்வரை தவணை ஓடும்.

விற்பனையாளர் நல்ல பையன். பின்பக்கம் எத்தனை கோல்ஃப் பை கொள்ளும் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மனைவி பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். வெளிர்நிறத் தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதுல வாழைப்பால் சொட்டினா கறை போகுமா?”

பையன் மேலாளரைக் கூப்பிடப் போனார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வாழைக்கறை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய காடிக்குள் வாழைமரம் ஏற்ற முடியாது. மூன்று லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு, மரம் ஏற்றுவதற்கு மைவியை அனுப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து, மிகப் பழையது. என் கனவில் வருவது வால்வோ 850 வேகன். 1994-இல் பிரிட்டன் டூரிங் காடிப் பந்தயத்தில் இந்த வேகனையே இறக்கினார்கள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல் மறுவருடமே செடானுக்கு மாறிவிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. காப்பாரில் ஒரு வியாபாரி நீளமான கறுப்பு வேகன் ஒன்றைக் காட்டினார். ஒரே ஓனர், டாக்டர் ஓட்டியது என்றார். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய ஐரோப்பியக் காடிகளை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ! படம் எடுத்து வந்து மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தவர், “யாரு மாப்ளே தவறிட்டாங்க?” என்றார்.

கிள்ளானில் எங்கள் காடியைப் பார்க்கும் போமன் இன்னும் கருணையில்லாதவர். “தம்பி, நம்ம வெயிலுக்கு முதல்ல போறது ரப்பர் சாமான். ஹோஸ், மவுண்டிங், புஷ் எல்லாம் காஞ்சு வெடிக்கும். ஏர்கோன் காயில் போச்சுன்னா டேஷ்போர்டையே கழட்டணும். சாமான் போத்தோங் கடையில கிடைக்கும். கிடைக்கிற வரைக்கும் நீங்க பஸ்ல போங்க.” நம் தாத்தாக்கள் பால் மரம் வெட்டிக் கொடுத்த ரப்பர்! கப்பலேறி ஐரோப்பா போய், குழாயாகத் திரும்பி வந்து, நம் வெயிலிலேயே வெடிக்கிறது.

செலவு அதோடு நிற்கவில்லை. 2435 சிசி எஞ்சின் உள்ள 850-க்குச் சாலை வரி வருடத்துக்கு 815 வெள்ளி. புது வி60-இன் 1969 சிசிக்கு 364.50தான். கிழவனிடம் கூடுதலாகவும் குமரனிடம் குறைவாகவும் வாங்குகிறது ஜேபிஜே. அதற்கு வயது தெரியாது, சிசி மட்டும்தான் தெரியும். பதினைந்து வயதைத் தாண்டிய காடிக்கு முழுக் காப்புறுதி கொடுக்கவும் நிறுவனங்கள் யோசிக்கும்.

கடைசியில் கிடைத்தது நடுவில் இருந்த ஒன்று: முதல் தலைமுறை வி60, பதின்மூன்று வயது, 1596 சிசி. சாலை வரி 90 வெள்ளி. எங்கள் 1.5 மைவிக்குக் கட்டும் அதே 90! மனைவி மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தது அந்த ஒரு கணக்குக்குத்தான். போமன் இரண்டு கிளட்ச் உள்ள கியர்பாக்ஸைக் காட்டி, “எண்ணெய் மாத்தின ரசீது இருந்தா வாங்குங்க, இல்லன்னா தொடாதீங்க” என்றார். ரசீது இருந்தது. புஸ்பாகோம் சோதனையிலும் தேறியது. முதல் ஓனர் யாரோ ஒரு புண்ணியவான். கலால் வரி முழுவதையும் எனக்கு முன்பே கட்டி முடித்திருக்கிறார்.

உண்மையில் இதன் பூட் பெரிதொன்றுமில்லை, 430 லிட்டர்தான். பின்சீட்டை மடக்கியும் வாழையிலை என் தோளுக்கு மேலே வந்து கண்ணாடியைத் தொடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் நிறுத்த இடம் தேடும்போது, மைவியைவிட இது எவ்வளவு நீளம் என்பது நன்றாகவே உறைக்கிறது. முன்வாசலைத் திறக்கிறார்கள், அது போதும்.

வேகன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது: பழையதையே வாங்குங்கள், ஆனால் வரியை இன்னொருவர் கட்டிய, ரப்பர் இன்னும் காயாத வயதில் வாங்குங்கள். போமனை முதலில் தேடுங்கள், காடியை அப்புறம் தேடலாம். எங்கள் போமனின் முகவரி மட்டும் கேட்காதீர்கள். அங்கே ஏற்கெனவே நீண்ட வரிசை, அதில் நானும் நிற்கிறேன்.