கறகறவா, நறநறவா?

கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதைக் கைகள் உயர்கின்றன. மண்டபத்தில் எல்லாக் கழுத்தும் மேடையை நோக்கி நீள, ஒரு கழுத்து மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறது. தாலி ஏறியதும் அந்தக் கழுத்துக்கு உரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "போச்சு" என்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் பெண்ணுக்குப் பெரியப்பாவாக இருந்தால் அந்த விநாடியில் அவர் முகம் போகும் போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. "பேரிங் போச்சுங்க. மூணாவது ஃபேன்." முகூர்த்த நேரத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்ற விவரத்தை மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. தவுலையும் நாதஸ்வரத்தையும் தாண்டி ஒரு 6202 பேரிங்கின் முனகல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அது அவருக்கு வரம், வீட்டாருக்குச் சாபம். பஸ்ஸில் ஏறினால் கியர்பாக்ஸ், ஆஸ்பத்திரியில் படுத்தால் ஜெனரேட்டர், சொந்தக்காரர் வீட்டு விருந்தில் மிக்ஸி. சட்னி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கப்ளர் தேஞ்சிருக்கு" என்று பதில் வரும். மனைவி இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பது மட்டும் அந்தக் காதில் விழாது. சத்தம் வந்தால்தானே கேட்பதற்கு?

தொழிற்சாலைக்குள் இந்தக் காதுக்கு ஒரு கருவியும் உண்டு: நீளத் திருப்புளி. முனையைப் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். குறி கேட்க வந்தவர்கள் கோடாங்கியைச் சுற்றி நிற்பதுபோல ஃபிட்டரும் ஹெல்பரும் வாய் திறக்காமல் நிற்பார்கள். ஒரு நிமிஷம் கழித்துக் கண் திறக்கும். "நேத்து கறகறன்னு இருந்துச்சு தம்பி. இன்னிக்கு நறநற." இரட்டைக்கிளவிக்கு இப்படியொரு தொழில்நுட்பப் பயன் இருப்பதை எந்தத் தமிழாசிரியரும் நமக்குச் சொன்னதில்லை. கீச்கீச் என்றால் கிரீஸ் வறண்டிருக்கிறது. நறநற என்றால் தூசியோ துருவோ உள்ளே போயிருக்கிறது. கறகற என்றால் உருளை ஓடும் பாதையில் பொளி விழ ஆரம்பித்திருக்கிறது. லொடலொட என்றால் எங்கோ ஒரு போல்ட் கழன்றிருக்கிறது, அதற்கு இன்ஜினியரே தேவையில்லை. உலகத்துக்கெல்லாம் நல்ல செய்தியான 'கலகல' இவர் ஒருவருக்குத்தான் கெட்ட செய்தி. பம்புக்கு உள்ளே வரும் தண்ணீர் போதாமல் குமிழி கட்டி, அந்தக் குமிழிகள் உடைந்து உடைந்து இம்பெல்லரை அரிக்கும்போது, சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல அந்தச் சத்தம் வரும். பிரித்தால் பொருள் தராது என்பது இரட்டைக்கிளவிக்கு இலக்கணம். பிரித்தால் பழையபடி சேராது என்பது பேரிங்குக்கு இலக்கணம். நிர்வாகம் வாங்கிவைத்திருக்கும் சாஃப்ட்வேரில் இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு குறியீடுதான் இருக்கும்: 'அசாதாரணச் சத்தம்'. வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு ரசம் எல்லாவற்றையும் 'திரவம்' என்று எழுதச் சொன்னால் தஞ்சாவூர்ச் சமையல்காரர் முகம் எப்படிப் போகும்? அந்தப் பொத்தானை அழுத்தும்போது இவர் முகம் அப்படிப் போகும்.

சிரித்தாகிவிட்டது. இனி நியாயத்துக்கு வருவோம். இவரைக் கிறுக்கு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அட்டவணையை நம்புகிறவர்கள். இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்று, தீர்ந்தது கதை என்பார்கள். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேரிங்குக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஆயுள் என்பதே, அந்த வகைப் பேரிங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தாண்டிவிடும் எல்லை என்றுதான் பொருள். மீதிப் பத்து அதற்கு முன்பே போய்விடலாம். தாண்டுகிற தொண்ணூறில் பல அதைப்போலப் பல மடங்கும் ஓடலாம். உங்கள் மோட்டாரில் உட்கார்ந்திருப்பது அந்தப் பத்தில் ஒன்றா, தொண்ணூறில் ஒன்றா என்பது அட்டவணைக்குத் தெரியாது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் விமானப் பராமரிப்பைப் பற்றி எழுதிய அறிக்கை இந்தத் துறையில் பிரசித்தம். அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? பழுதுக்கு முன்னால் அந்தப் பாகம் ஏதாவது அறிகுறி காட்டுகிறதா என்று பார்த்து மாற்றுவது: சூடு, அதிர்வு, சத்தம். அறிகுறிக்கும் உடைவதற்கும் நடுவே கிடைக்கும் சில நாளோ சில வாரமோதான் இவர் கம்பெனிக்குச் சம்பாதித்துத் தரும் சொத்து. அந்த இடைவெளியில் ஸ்டோர்ஸில் ஸ்பேர் இருக்கிறதா என்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி மாற்றினால் செலவு சில நூறு ரூபாய். நட்டநடு ஷிஃப்டில் பேரிங் இறுகினால் ஷாஃப்ட் சிராயும், காயில் எரியும், லைன் மொத்தமும் கைகட்டி நிற்கும். ஆக, விமானக் கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததும் நம் கோடாங்கி கண்ணை மூடிச் சொன்னதும் ஒன்றுதான்.

மறுப்பு வராமல் இருக்காது. அதிர்வை அளக்கும் சென்சாரை ஒட்டிவிட்டால் போதுமே, காது எதற்கு என்பார்கள். சரிதான். சென்சார் தூங்காது, டீ கேட்காது, முகூர்த்தத்தில் 'போச்சு' என்று சொல்லாது. முக்கியமான இயந்திரங்களில் அதை ஒட்டத்தான் வேண்டும். ஆனால் எந்த இயந்திரத்தின் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது, எந்த அளவைத் தாண்டினால் அலறச் சொல்வது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் தொந்தரவு தாங்காமல் யாராவது அலாரத்தின் வாயை அடைத்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. இந்த ஆட்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறவர்கள், இவர்கள் பேச்சைக் கேட்டால் இயந்திரம் ஓடும் நேரத்தைவிடக் கழற்றிக் கிடக்கும் நேரமே அதிகம் என்பது. இதற்கு இரண்டாம் உலகப் போரிலிருந்தே சாட்சி உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர் குண்டுவீச்சு விமானங்களின் பழுதுக் கணக்கைப் புரட்டினார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த பரிசோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் எகிறின, பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றிப் பூட்டியதே வினை. இந்தச் சாட்சி நம்மாளைக் கவிழ்த்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 'ஓடுறதைத் தொடாதே' என்பதுதான் புது ஃபிட்டருக்கு அவர் சொல்லும் முதல் பாடம். ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று மோட்டார் மேல் தண்ணீர் அடிக்கும் பையனைப் பார்த்து அவர் அம்பத்தூரில் போடும் கூச்சல் ஆவடியில் கேட்கும். கழற்றாமலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே அந்தத் திருப்புளி?

பிறகு ஏன் மதிப்பில்லை என்றால், இவர் தயாரிக்கும் சரக்கு அப்படி. மாதாந்திரக் கூட்டத்தில் புரொடக்ஷன் மேனேஜர் இத்தனை டன் என்பார். சேல்ஸ்காரர் இத்தனை ஆர்டர் என்பார். பர்ச்சேஸ்காரர் இத்தனை லட்சம் மிச்சம் என்பார். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு மட்டமான கிரீஸ் வாங்கியதில் வந்தது என்பது வேறு கதை. நம்மாள் முறை வரும்போது திரையில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் ஒரே எண், பிரேக்டவுன் மணிக்கணக்கு. கூடினால் திட்டு. குறைந்தால் மௌனம். பூஜ்யமானால்தான் ஆபத்து: "எதுவுமே நிக்கலையே சார், அப்புறம் உங்க டிபார்ட்மெண்ட்ல எதுக்குப் பதினாலு பேர்?" நடந்ததை எண்ணுவதற்கு ஆயிரம் படிவம் இருக்கிறது, நடக்காததை எண்ண ஒரு காகிதமும் கிடையாது. உலகமும் அந்தக் கம்பெனியைப் போலத்தான். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்திருந்த பழைய கோபோல் புரோகிராம்களை வரிவரியாகத் திருத்தி, 1999 டிசம்பர் 31 ராத்திரியைத் தாண்டவைத்தார்கள் பல நாட்டுப் புரோகிராமர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. விடிந்ததும் விளக்கு எரிந்தது, விமானம் பறந்தது. உடனே, "ஒண்ணும் ஆகலையே, எல்லாம் பூச்சாண்டி" என்றார்கள். கொஞ்சம் பூச்சாண்டியும் இருந்திருக்கலாம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லாததே இந்தத் தொழிலின் தலையெழுத்து.

இன்ஜினியரை யாருமே கொண்டாடுவதில்லையா என்று கேட்கலாம். தேனிப் பக்கம் பென்னி குவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15 பொறியாளர் தினம். அவர்கள் கட்டியவர்கள், கட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டு ரயிலை ஓடவைத்த ஸ்ரீதரனுக்கும் ரயில்வே அமைச்சரின் பரிசு வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாலம் 1914 முதல் 2022 வரை உப்புக்காற்றில் நின்று ரயிலைச் சுமந்தது. 46 நாளைக் கழித்தால் மீதி நூறு வருஷத்துக்கு மேல் வருகிறது. அத்தனை வருஷமும் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, தளர்ந்ததை மாற்றியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? உடைந்த பிறகு வருகிறவருக்கு மாலை, உடையாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதச் சம்பளம். தொழிற்சாலையிலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கிரீஸில் குளித்து இயந்திரத்தைக் கிளப்பிவிடுகிறவருக்குத்தான் கைதட்டல். போன வாரமே கவனித்திருந்தால் அது நின்றிருக்காது, கவனிக்காமல் விட்டவரும் அதே மனிதர்தான் என்றாலும் கைதட்டல் குறைவதில்லை.

இவ்வளவு பரிந்து பேசிய பிறகு ஒரு குறை சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. இவருக்கு வாயில்லை. "மெஷின் ஓடுமா ஓடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்று மேனேஜர் கேட்டால், "ஓடும் சார், ஆனா பார்க்கணும்" என்பார். மேனேஜர் காதில் 'ஓடும்' மட்டும் விழும். 'வெள்ளிக்கிழமைக்கு மேல் தாங்காது, நாலு மணி நேரம் கொடுத்தால் காப்பாற்றிவிடுவேன்' என்ற முழு அறிக்கையும் அந்த 'ஆனா பார்க்கணும்' என்பதற்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பது வேறு யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை இயந்திரம் நின்றதும் டீக்கடையில், "நான் அப்பவே சொன்னேன்" என்பார். சொல்லவில்லை ஐயா. முணுமுணுத்தீர்கள். அதுவும் இரட்டைக்கிளவிதான்.

வாய்விட்டுச் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்று அவர் திருப்பிக் கேட்கலாம். வலுவான கேள்வி. சேலஞ்சர் விண்கலத்துக்கு ராக்கெட் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தில் ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற இன்ஜினியர், இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் கைவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்று 1985 ஜூலையிலேயே எழுதிக்கொடுத்தார். 1986 ஜனவரி 27 ராத்திரி தொலைபேசிக் கூட்டத்தில், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று அவரும் சகாக்களும் மன்றாடினார்கள். வளையம் தோற்கும் என்பதற்கு நிரூபணம் கேட்கப்பட்டது. கையில் இருந்ததோ கவலையும் அரைகுறைத் தகவலும்தான். மறுநாள், கிளம்பிய 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஆக, எழுதிவைத்தாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் எழுதிய தாள் இருந்தது. விசாரணைக்கு அது கை கொடுத்தது, அந்த இணைப்பும் பிறகு மாற்றி வடிவமைக்கப்பட்டது.

நம்மாளின் நோட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு தாளைத் தேடிப் பாருங்கள். மார்ச் 3: 'சத்தம். பார்க்கணும்.' மார்ச் 9: 'சத்தம் ஜாஸ்தி. பார்க்கணும்.' மார்ச் 10: 'சரி.' எந்த இயந்திரம், எந்த முனை, கறகறவா நறநறவா, பத்தாம் தேதி என்ன செய்து சரியாக்கினார் என்று ஒரு வரி கிடையாது. கம்பெனிக்கு அவர் காப்பாற்றிக் கொடுத்த பணம் முழுக்க 'சரி' என்ற அந்த இரண்டெழுத்துக்குள் கிடக்கிறது. ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்தி, கையில் சுவர்க்கடிகாரம் கொடுத்து, "சார் ரொம்ப அமைதியானவர்" என்று பேசி அனுப்பிவைப்பார்கள். நோட்டும் திருப்புளியும் அடுத்து வரும் பையனிடம் போகும். அவனும் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பான், மறுமுனையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.