தகடு தோற்று ஜெயித்த கதை

இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த சோவியத் ராணுவத்துக்கு இரும்புத் தகட்டின் மேல் தீராத காதல். பிபிஎஸ்ஹெச்-41 துப்பாக்கியை பிரஸ்ஸில் தகடாக அடித்து, லட்சக்கணக்கில் தள்ளி, ஹிட்லரை விரட்டிய தெம்பு அது. “இனி எல்லாமே தகடுதான்!” என்றார்கள்.

டாங்கிப் படை சார்ஜென்ட் மிகயீல் கலாஷ்னிகோவ் வடிவமைத்த ஏகே துப்பாக்கியும் அந்தக் கட்டளைக்குத் தப்பவில்லை. இஷெவ்ஸ்க் ஆலையில் தகட்டை மடித்து, உள்பாகங்களைத் தாங்கும் உடல்கூடான ரிசீவரைச் செய்யத் தொடங்கினார்கள். தகடு மக்கர் பண்ணியது. பிபிஎஸ்ஹெச் சுட்டது பிஸ்டல் தோட்டா. அதன் அடியையெல்லாம் தகடு சிரித்துக்கொண்டே தாங்கும். ஏகேயின் தோட்டா முரட்டு ஆசாமி. அதற்கு போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும்; பூட்டும் கட்டியைத் தகட்டோடு ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும்; உள்ளே போல்ட் ஓடும் தடம் இம்மியும் பிசகக் கூடாது. பிசகியது. செய்ததில் கணிசமானவை தரச்சோதனையில் கழிக்கப்பட்டன.

ராணுவமோ வாசலில் நிற்கிறது. 1951 வாக்கில் ஆலை பழைய வழிக்கே திரும்பியது: முழு எஃகுக் கட்டியை மில்லிங் மெஷினில் ஏற்றிக் குடைவது. கல்யாணச் செலவு மாதிரி, போட்டதில் பாதிக்கு மேல் எங்கே போனதென்று கேட்கக் கூடாது. எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. ஆனால் துப்பாக்கி சுட்டது. தூக்கிச் சுமந்த சிப்பாயின் தோளை யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் போட்டிக்கு வந்தார் இன்னொரு துப்பாக்கி வடிவமைப்பாளர், கொரோபோவ். முழுப்பெயர் ஜெர்மன் கொரோபோவ். ஆள் சுத்த ரஷ்யர். அவருடைய டிகேபி-517 துப்பாக்கி எடை குறைந்தது. கலாஷ்னிகோவ் கூட்டத்துக்குத் தூக்கம் போயிற்று. அதற்குள் பிரஸ் வேலையும் கைவந்திருந்தது. 1 மில்லிமீட்டர் தகட்டில் ரிசீவர் செய்து, மற்ற பாகங்களையும் இளைக்க வைத்து, 1959-ல் ஏகேஎம் வந்தது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது.

இன்று துப்பாக்கி ரசிகர்கள் குடைந்த ரிசீவரை ராஜவம்சமாகவும் தகட்டை ஏழை உறவினராகவும் பேசுகிறார்கள். பின்லாந்தின் ஆர்கே 62-ம் இஸ்ரேலின் கலீலும் குடைந்த கட்சியிலேயே நின்றது உண்மை. அவை உறுதியானவை என்பதும் உண்மை. ஆனால் சோவியத் ஆலையைப் பொறுத்தவரை அந்த ராஜவம்சம், தகடு படியாத அவசரத்தில் வந்த தற்காலிக ஏற்பாடு. உலகமெங்கும் பெருகியது தகட்டுக் குடும்பம்தான்.