தூக்கம் வரவழைத்த காவியம்

கேள்வி: உலகமே கொண்டாடும் 'டோக்கியோ ஸ்டோரி' எனக்குத் தூக்கத்தைத்தான் தந்தது. கோளாறு என் ரசனையிலா?

பதில்: இல்லை, தூக்கமும் ஒரு விமர்சனம்தான்! ஆனால் மறுபடி பாருங்கள். யசுஜிரோ ஓசு 1953-ல் எடுத்த இந்தப் படத்தில், கேமரா பாய் விரித்த தரையோடு உட்கார்ந்துவிடும், அநேகமாக நகராது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒதுக்க டாக்டர் மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. பணம் போட்டு அதாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுபவள், போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ. அவளாக நடித்த செட்சுகோ ஹாராவின் அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு அழுகை! விறுவிறுப்பான 'பிரேக்கிங் பேட்' தொடரின் 62 எபிசோடும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு ஓசுவுக்கே. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போடாதீர்கள்!