துண்டு ரெண்டு எடுத்துக்க, பேராண்டி

மியூனிக்ல வேலை கெடச்சிருக்குன்னு திருவையாத்துக் கடைத்தெருவே கேக்கும்படி சொன்னவன், ஆபீஸ்காரங்க ஏர்டிங் சௌனாவுக்கு, அதான் அந்த வேர்வைக் குளியலுக்கு, கூப்பிட்டிருக்காங்கங்கிறதை மட்டும் ஏண்டா என் காதுல வந்து ஓதுறே? பாட்டிக்குக் கேட்டுடும்னுதானே? அவளுக்குக் காது மந்தமாகி வருசக்கணக்காச்சு. தைரியமாப் பேசு.

துணி போடக் கூடாதாம் தாத்தான்னு சொல்லும்போதே உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். நான் போயிட்டு வந்தவன்டா. உன் சித்தப்பன் ஸ்டுட்கார்ட்ல இருந்தப்ப மூட்டுவலிக்கு நல்லதுன்னு கூட்டிட்டுப் போனான். டிக்கெட்டு வாங்கி முடிக்கிற வரைக்கும் மத்த விஷயத்தை மூச்சு விடலை, படவா.

அம்மணமான ஊருல கோவணம் கட்டினவன் என்ன ஆவான்னு நம்ம ஊருல ஒரு பேச்சு இருக்குல்ல? இங்க அது பழமொழி, அங்க அது சட்டம். டவுசரோட உள்ள நுழைஞ்சா அங்க வேலை பாக்குறவங்க வந்து, கோவப்படாம, கழட்டிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. ஈரத்துணி வேர்வையைப் புடிச்சு வெச்சுக்கும், சுத்தமில்லங்கிறது அவங்க வாதம். அதுக்காகக் காருலேருந்து இறங்கும்போதே கழட்டிடாதே. ஏர்டிங் மாதிரி பெரிய இடத்துல ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் நீச்சல் குளம், சறுக்குமரம், குழந்தை குட்டி. அங்க டவுசர் கட்டாயம். இன்னொரு பக்கம் சௌனா. அங்க டவுசர் கூடாது. நடுவுல ஒரு கேட்டு. எந்தப் பக்கம் நிக்குறோம்னு தெரிஞ்சுக்கிட்டு நில்லு. அம்மணமாக் குளத்துப் பக்கம் ஓடினா உன் விசாவுக்கு நான் ஜவாப்தாரி இல்ல.

சௌனா பின்லாந்துக்காரன் சொத்து. 2020ல யுனெஸ்கோ பட்டியல்லயே அதைச் சேத்துட்டாங்க. அந்தப் பின்லாந்துக்காரனே பொது சௌனாவுல ஆம்பளை தனி, பொம்பளை தனின்னுதான் பெரும்பாலும் உக்காருவான். ஜெர்மன்காரன்தான் எல்லாரையும் ஒரே பலகையில உக்கார வெச்சவன். போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டு கடைசியில, ஃபேக்டரிப் புகை தாங்காம, உடம்புல வெயிலும் காத்தும் படட்டும்னு ஒரு கூட்டம் கெளம்புச்சு. அதுலேருந்து வந்த பழக்கம். கிழக்கு ஜெர்மனி தனி நாடா இருந்தப்ப பால்டிக் கடற்கரையில குடும்பம் குடும்பமா இப்படித்தான் கெடப்பாங்களாம்.

எனக்குச் சிரிப்பு எதுல தெரியுமா? 1706ல தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினாரே சீகன்பால்கு, அவரும் ஜெர்மன்காரர்தான். நம்ம கடற்கரை வெக்கையில மணல்ல உக்காந்து பசங்களோட தமிழ் படிச்சவர். பின்னால வந்த சுவார்ட்சு பாதிரியார், சரபோஜி மகாராஜாவுக்கே குருவா இருந்து 1798ல தஞ்சாவூர்லயே கண்ணை மூடினவர். சிவகங்கைத் தோட்டத்துச் சர்ச்சுல அவருக்கு மகாராஜா வெச்ச சலவைக்கல் சிற்பம் இன்னிக்கும் இருக்கு. அந்தக் காலத்துப் பாதிரிமாருக்குக் கறுப்பு அங்கி, கழுத்துலேருந்து கால் வரைக்கும். எதிர்ல நிக்குற நம்மாளுக்கு முழங்கால் மேல ஒரு முண்டு. முந்நூறு வருசம் கழிச்சு நீ கோட்டு மாட்டிக்கிட்டு அங்க போறே, அந்தப் பாதிரிமார் ஊர்க்காரன் அதைக் கழட்டுடாங்கிறான்.

அதுக்காக நமக்கு அம்மணம் புதுசுன்னு நெனக்காதே. தஞ்சாவூர் அரமணைக் கலைக்கூடத்துல திருவெண்காட்டுப் பிட்சாடனர் நிக்கிறாரு, போய்ப் பாரு. இடுப்புல பாம்பைத் தவிர துணின்னு ஒண்ணு கெடயாது. கரந்தையில துணியில்லாத சாமியைக் கும்பிடுற சமணக் கோயில் இருக்கு. காவேரிக் கரையோரமாவே துணியில்லாமத் திரிஞ்ச சதாசிவ பிரம்மேந்திரருக்கு நெரூர்ல அதிஷ்டானம் இருக்கு. சாமியும் சாமியாரும் அப்படி இருந்தா விழுந்து கும்பிடுவோம். பக்கத்து வீட்டுக்காரன் இருந்தாத்தான் போலீசுக்குப் போவோம்.

ஆனா ஒண்ணு. நம்ம பக்கம் துணிங்கிறது மானத்துக்காக மட்டும் இருந்ததில்ல. கீழத்தஞ்சையில பண்ணையாள் மிராசுதார் எதிர்ல தோளுல துண்டு போட முடியாது, இடுப்புல கட்டணும். வேட்டி முழங்காலுக்குக் கீழ இறங்கக் கூடாது. எதுத்து நின்னா சவுக்கடி, சாணியைக் கரைச்சுக் குடிக்க வெக்கிற சாணிப்பால். 1940கள்ல பி. சீனிவாசராவ் மாதிரி கம்யூனிஸ்ட் ஆளுங்க வந்து விவசாயச் சங்கம் கட்டின பொறவுதான் அந்த அக்கிரமம் ஆட்டம் கண்டுச்சு. யாரு கழட்டணும், யாரு போட்டுக்கலாம்னு முடிவு பண்றவன்தான் நம்ம ஊருல பெரிய மனுசன். அங்க சௌனாப் பலகையில உக்காந்தப்ப எனக்கு அதுதான் நெனப்பு. பக்கத்துல இருக்குறவன் பேங்க் முதலாளியா, பஸ் டிரைவரா, ஒரு எழவும் தெரியலை. வாட்ச் இல்ல, கோட்டு இல்ல, பூணூல் மாதிரி அடையாளமும் எவன் மேலயும் இல்ல. எல்லாருக்கும் தொப்பை மட்டும் இருந்துச்சு. நீயும் உன் மேனேஜரும் போய் உக்காந்து பாருங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல அவன் கோட்டைப் போட்டுக்கிட்டு மிரட்டும்போது உனக்குப் பயம் வராது. அவனுக்கும் உன் தொப்பை தெரியும்கிறதை மட்டும் மறந்துடாதே.

சரி, கண்ணை எங்க வெக்கிறதுன்னுதானே ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டிருந்தே? செவுத்துல மணல் கடிகாரம் ஒண்ணு மாட்டியிருப்பான். நான் அதைத்தான் பாத்தேன். மணல் இறங்குறதை அத்தனை சிரத்தையா நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஐப்பசியில மாயவரம் துலாக்கட்டத்துல ஆணும் பொண்ணும் ஈரத்துணியோட முங்கி எழுந்திரிக்கிறாங்களே, அங்க இருக்குற மரியாதைதான் சௌனாவுலயும். மொறைச்சுப் பாக்குறவனுக்கு நம்ம படித்துறையில பட்டப்பேர் வெப்பாங்க. அங்க வெளிய அனுப்பிடுவாங்க. போனை லாக்கர்லயே பூட்டிடு. நீ சாதத்தைக்கூட போட்டோ புடிக்கிற ஆளு, அதான் சொல்றேன்.

போனதும் சோப்புப் போட்டுக் குளி, ஈரத்தைத் தொடச்சிக்க. துண்டு ரெண்டு எடுத்துக்க. பெரிசு உக்கார, இன்னொண்ணு தொடைக்க. வேர்வை சொட்டுக்கூட பலகையில படக் கூடாது, பாதத்துக்கடியிலயும் துண்டு இருக்கணும். வெளிய நடக்க ஒரு அங்கியும் செருப்பும் வேணும். ஓய்வு நாற்காலியில துண்டைப் போட்டு இடம் புடிச்சிட்டுப் போகாதீங்கன்னு போர்டு இருக்கும். கும்பகோணம் பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டு போடுறவனோட பேரன் நீ, கை துறுதுறுங்கும். ஆனா அந்த வித்தையில அவங்க நமக்கு அண்ணன், போர்டே அவங்களுக்காக வெச்சதுதான்.

உள்ள சூடு எண்பது, தொண்ணூறு டிகிரி. கத்திரி வெயிலு நாப்பதுக்கே நாம நாக்கைத் தள்ளுறோம், எப்படித் தாங்கும்னா, காத்து வறண்டு கெடக்கு, வேர்வை உடனே காஞ்சு உடம்பைக் குளுத்திடுது. மேல்பலகையில சூடு அதிகம். நீ கீழ்ப்பலகையில எட்டுப் பத்து நிமிசம் உக்காரு, போதும். நடுவுல ஆவ்ஃப்குஸ்னு ஒரு சடங்கு வரும். ஒரு ஆளு வந்து கதவைச் சாத்திட்டு, வாசனைத் தைலம் கலந்த தண்ணியைச் சுடுகல்லுல ஊத்தி, துண்டைச் சுழட்டி ஆவியை மூஞ்சியில அடிப்பான். அப்பதான் தெரியும், நம்ம வீட்டு அண்டாவுல நெல்லு எப்படி அவிஞ்சுச்சுன்னு. பாதியில எழுந்து போறது மரியாதை இல்லம்பாங்க. தலை சுத்துச்சுன்னா மரியாதையைப் பாக்காம வெளிய வந்துடு. முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுவாங்க, நீயும் தட்டு. அப்புறம் வெளிய காத்துல நின்னு, குழாய்ல வேர்வையைக் கழுவிட்டு, சில்லுத்தண்ணித் தொட்டியில முங்கு. அப்பாடின்னு படுத்துக்க, தண்ணி நெறைய குடி. பீரு எல்லாம் முடிஞ்ச பொறவு. பிரஷர், நெஞ்சுவலி இருக்குறவன் டாக்டரைக் கேக்காமப் போகக் கூடாது.

மனசு ஒப்பலைன்னா, வரலைன்னு சொல்லிடு. அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. டவுசரோட விடுற நாளும் சில இடத்துல உண்டு, பொம்பளைங்களுக்கு மட்டும்னு நாளும் உண்டு. போனீன்னா, பாட்டி கேக்குறப்ப வெந்நீர்க் குளத்துல குளிச்சேன்னு சொல்லு. அந்தப் பக்கம் நெசமாவே வெந்நீர்க் குளம் இருக்கு, பொய் சொன்னதா ஆகாது. நானும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.