மறதிக்கு வைத்தியம்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை அத்தடை நீடித்தமையால், கௌரவமாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய ஜப்பானியக் கார்கள் பல, கற்பிட்டி முதல் சிலாபம் வரையிலான உப்புக்காற்றில் இன்னும் உத்தியோகம் பார்த்து வருகின்றன.

அவற்றுள் ஒன்றுக்குப் புதிய பற்றரி பூட்டியதும், அதுவரை சாந்தமாக இயங்கிய எஞ்சின் நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்குமாயின், உடனே வைத்திய சபை கூடிவிடும்: பிளக்கை மாற்றென்பார் ஒருவர், பெற்றோல் பம்பைச் சந்தேகிப்பார் மற்றொருவர், கண்ணூறு என்று சொல்லித் தேசிக்காய் கட்டச் சொல்பவரே, செலவைக் கருதுமிடத்து, அவர்களுள் உத்தமர்.

நிகழ்ந்ததோ அற்பம். கரி படிந்த திரொட்டில் வழியே எவ்வளவு காற்றை விடவேண்டுமென்று பல வருஷங்களாகக் கற்றுவைத்திருந்த எஞ்சின் கம்பியூட்டர், மின்சாரம் அறுந்தபோது அத்தனையையும் மறந்து, தான் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்திறங்கியதாகப் பாவித்துக்கொள்கிறது. லைட்டையும் ஏசியையும் அணைத்து, எஞ்சின் சூடேறும்வரை சும்மா ஓடவிட்டு, பின்பு ஏசியைப் போட்டும் சிறிது ஓடவிட்டு, பாலாவிப் பக்கமாக ஒரு சவாரி போய்வந்தால், பெரும்பாலும் அது பாடத்தை மீளக் கற்றுவிடும். கல்லாவிடின் திரொட்டிலைச் சுத்தம் செய்வதும், பூட்டிய அவசரத்தில் கழன்ற ரப்பர்க் குழாய் உண்டோ, எர்த் வயரின் நுனி உப்புப் பூத்திருக்கிறதோ என்று பார்ப்பதும் உசிதம்.

ஆனால் சும்மா ஓடவிடுதல் என்னும் சிகிச்சைக்குப் பில் எழுத மார்க்கமில்லாதபடியால், பிளக் நான்கும் மாற்றப்படுகின்றன. பரீட்சித்துப் பார்க்கும் சாக்கில் ஓடி ஓடியே எஞ்சின் குணமாகிவிட, கீர்த்தி முழுவதும் பிளக்கையே சென்றடைகிறது.