ஓட்டை எங்க, மருமகனே?

ஏப்பா மருமகனே, சாக்ஸபோனை ரிப்பேர் பண்ணவா வேணாமான்னு நீ ரோசிக்க ஆரம்பிச்சப்ப நெல்லு நாத்தங்கால்ல நின்னுச்சு. இப்பக் களத்துக்கே வந்திருச்சு. உன் வாத்தியம் மட்டும் இன்னும் பரண்லயே கெடக்கு. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர் வரைக்கும் ரோசனை கேட்டுட்ட. ஊதாம இருக்குறதுக்கு இம்புட்டு அழகான சாக்கு எனக்கெல்லாம் தோணாதப்பா.

1994-ல ‘டூயட்’ பாத்துட்டு வந்து புடிச்ச கிறுக்குதான இது? தெரையில வாயில வச்சுக்கிட்டு நின்னது பிரபு, உள்ளபடி ஊதுனது கத்ரி கோபால்நாத். நீ அந்த நிக்கிற வித்தையை மட்டும் கச்சிதமாக் கத்துக்கிட்ட. கத்ரி நாகசுரக்காரர் மகன்யா. மைசூர் அரமனை பேண்டுல இந்தப் பித்தளையப் பாத்து மயங்கி, கமகம் பேசணும்னு கருவியவே தோதா மாத்தி, மூச்சைக் குடுத்து வாங்குன பேரு அது. நம்ம பக்கத்து ஆளுகளுக்கோ, பாட்டுக்குப் பேர்போன பண்ணைப்புரம் கூப்பிடு தூரத்துல இருக்குறதால, அந்தக் காத்து பட்டாலே சங்கீதம் வந்திரும்னு நெனப்பு!

சரி, பொட்டியத் திற. உள்ள கெடக்குற பழைய ரீடைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கு. மவுத்பீசைப் பச்சத்தண்ணியில கழுவு. சுத்தம்னுட்டு வெந்நியக் கிந்நிய ஊத்துன, கருப்பு எபனைட்டு பச்சை பாஞ்சு போகும். பெறகு ஊது. மேல்சுரம் வந்து கீழ்ச்சுரம் மட்டும் முக்குதா? உடனே ‘எனக்கு வயசாயிருச்சு மாமா, தம் கட்ட முடியல’ன்னு ஒப்பாரி வைக்காத. பெரியாத்து வாய்க்கால் மேமடையில ஒடப்பெடுத்தா கடைமடைக்காரனுக்கு எங்கிட்டுத் தண்ணி வரும்? மேல தொளையை மூடுற ஒரு பேடு காத்து விட்டாலும் அதுக்குக் கீழ உள்ள சுரம் பூராவும் திணறும். பாவம், நீ உன் நெஞ்சைக் குத்தஞ் சொல்லிக்கிட்டுத் திரிவ.

வீரபாண்டித் திருவிழாவுல வாங்குன சீரியல் லைட்டு வீட்டுல சும்மாதான கெடக்கு? ராத்திரி விளக்கை அணைச்சுட்டு அந்த சீரியல் லைட்டை எரியவிட்டு வாத்தியக் குழாய்க்குள்ள விடு. கீயைப் பைய மூடிப் பாரு. பேடு ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சா அங்கதான் ஓட்டை. உன் மாப்ளை முறுக்கை அதுல காட்டி அமுக்கிப் புடிக்காத, ஓட்டை ஒளிஞ்சுக்கிரும். பேடுங்குறது தோல் போத்துன கம்பளிதான். அரக்கு வச்சு ஒட்டியிருப்பாங்க. சும்மா கெடந்தாலே வெறச்சுப் போகும். வாத்தியத்தோட கழுத்துல உள்ள கார்க்கும் சுருங்கிப் போகும். இதெல்லாம் சில்லறை வேலை. கசியிற பேடு நாலோ அஞ்சோ, அதை மட்டும் மாத்தச் சொல்லு.

மேப்பூச்சு உரிஞ்சிருக்கேன்னு மட்டும் வெசனப்படாத, அதுக்கும் நாதத்துக்கும் சம்பந்தமில்ல. பளபளப்பாக்குறேன்னு எவனாவது தேய்ச்சான்னா பித்தளைதான் கரையும். உடம்பே கோணி, தொளை வாயெல்லாம் நெளிஞ்சு கெடக்குன்னு வையி, அப்பக் கணக்குப் பாரு. யமஹா மாதிரி பேரு சொல்ற சாமானா இருந்தா மொத்தமாப் பிரிச்சு பேடு மாத்துனாலும் காசு வீண் போகாது. மீரட்டு ஜாலி கோட்டிப் பக்கம் மலிவா அடிச்சு, பேண்டு செட்டுல கை மாறி கை மாறி வந்ததா இருந்தா ரிப்பேர்க் கூலி வெலையத் தாண்டிரும். அதை உன் அத்தைக்குத் தெரியாம செய்யணும்னா என்னைக் கூட்டுச் சேக்காத.

வேலைக்குக் குடுக்கையில கழுத்தையும் மவுத்பீசையும் கையில வச்சுக்க. கார்க்கு அளவு பாக்க ரிப்பேர்க்காரர் கேட்டா மட்டும் கொண்டுபோய்க் காட்டிட்டு வா. அந்த ரெண்டையும் மாட்டி, ஒத்தைச் சுரத்தை ஆடாம அசையாமப் புடிச்சு ஊதிப் பழகு. எருமை கத்துற மாதிரிதான் கேக்கும். பக்கத்து வீட்டுக்காரன் வேலியத் தாண்டி வந்தா, இந்த ரோசனை சொன்னது யாருன்னு மட்டும் சொல்லிப்புடாத.